சேவல் கூவியபின் வரும் பக்கம்

அன்புள்ள ஸ்டெல்லா அக்கா,

இந்த நேரத்தில் உங்களை எழுப்பிவைத்துக் கதைப்பதற்கு மன்னியுங்கோ. ஒன்பதரைக்குப் பிறகு போன் அடித்தால் "ஆரடி செத்தது?" என்று கேட்கிற ஆள் நீங்கள். மகள் ஆரணி இப்போதுதான் நித்திரையானாள். அவள் விழித்திருக்கும்போது இதை எழுத எனக்கு முகம் இல்லை.

உங்கள் ஓராண்டு நினைவு மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்று றொபேட் அண்ணை கேட்டிருந்தார். "என்ர மனிசியும் நீங்களும் ட்ரெயினில வாய்ச்சண்டை பிடிப்பியளே, அந்தச் சூப்பர்ஹீரோக் கதையை எழுதுங்கோ சுபா. வாசிக்கிற சனம் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்றார். போன கிழமையே கொடுத்திருக்கவேண்டும். இரண்டு தரம் எழுதினேன். இரண்டும் நன்றாகத்தான் வந்தன. கெட்டித்தனமாக, மேற்கோளும் பகிடியுமாக. வாசித்துப் பார்க்க எல்லாம் பொய்யாகத் தெரிந்தது. கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. இதில் சிரிப்பு குறைவு.

இதை வாசிக்கப்போகிறவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. இங்கே ஜேர்மனியில், நான் ஹம் நிலையத்தில் ரயில் ஏறுவேன். நீங்கள் டோர்ட்மண்டில் ஏறுவீர்கள். இருவரும் பான் பல்கலைக்கழகம் வரை போவோம். நான் தத்துவம் படித்தேன். நீங்கள் சமய ஆசிரியை ஆகவென்று கத்தோலிக்க இறையியல் படித்தீர்கள். உங்கள் இறையியல் நோட்டுகளுக்கு நடுவில் எப்போதும் ஒரு காமிக்ஸ் புத்தகம் இருக்கும். நான்கு வருடம் நாங்கள் கதைத்ததெல்லாம் முகமூடிக்காரர்களைப் பற்றித்தான்.

முதல் சண்டை நினைவிருக்கிறதா? குண்டு துளைக்காத உடம்போடு பறந்து வந்து, துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிற ஒருவனைக் காட்டி "பார், தியாகம்" என்றீர்கள்.

"காயப்படாதவன் குறுக்க வந்து நிண்டா அதில என்ன தியாகம் அக்கா? மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரித்தான். இழக்க ஒண்டும் இல்லாதவனுக்கு அறமும் இல்லை" என்றேன். அன்று காலை வகுப்பில் கேட்டதை அப்படியே ஒப்புவித்தேன்.

"எடி, அதுக்குத்தானே எங்கட ஆண்டவர் நோகக்கூடிய உடம்போட வந்தவர். சிலுவையால இறங்க ஏலும். இறங்கேல்லை."

நான் விடவில்லை. பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொன்னேன். கூலியாளாக வந்த சிவன், வேலை செய்யாமல் படுத்துக் கிடந்தான். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி பாண்டியன் முதுகிலும் விழுந்தது. ராணியின் முதுகிலும், குதிரைக்காரன் முதுகிலும், கருவில் கிடந்த பிள்ளையின் முதுகிலும் விழுந்தது. உங்களை நான் வாயடைக்கச் செய்தது அந்த ஒரு நாள்தான். பிறகு சொன்னீர்கள்: "இதுதானடி சக்தி. அடி நோகாத சக்தி இல்லை. ஒருத்தனுக்கு விழுற அடி எல்லாருக்கும் நோகிற சக்தி. இப்பிடி ஒரு ஹீரோவை ஒருத்தரும் படமாக் கீறேல்லையே."

பிறகு வில்லன்களுக்கு வந்தோம். பிடிப்பார்கள், சிறையில் போடுவார்கள், அடுத்த இதழில் அவன் தப்பிவிடுவான். இதில் என்ன நீதி என்று கேட்டீர்கள். எங்கள் முருகன் சூரனைச் சிறையிலும் போடவில்லை, அழிக்கவும் இல்லை. இரண்டாகப் பிளந்து ஒன்றை மயிலாகவும் ஒன்றைச் சேவலாகவும் தன்னோடு வைத்துக்கொண்டான், தண்டிப்பதும் கருணைதான், சைவத்தில் அதற்கு மறக்கருணை என்று பெயர் என்றேன். நீங்கள் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள்.

"அப்ப வில்லனையே கொடியில ஏத்தி வச்சிருக்கிறியள்!"

"ஓம். உங்கட ஆக்களும்தானே இஞ்ச தேவாலயக் கோபுரத்தில சேவலை ஏத்தி வச்சிருக்கினம்."

அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னீர்கள். ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் சொன்ன சீடரைப் பற்றி. நெருப்புக் காய்ந்துகொண்டு நின்றவர்கள், உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறதே என்றார்களாம். அவர் இல்லை இல்லை என்று சத்தியம் செய்தாராம். ஆண்டவர் முன்னமே சொன்னபடி சேவல் கூவியதாம்.

சேவலன் பிறந்தது அந்த ரயிலில்தான். அவனுக்குப் பறக்கத் தெரியாது, அடிக்கத் தெரியாது, முகமூடி இல்லை. தலையில் கொண்டை, தோளில் சிவப்பு அங்கி. யாராவது தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னால் கூவுவான். அவ்வளவுதான். பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் பதினொரு பக்கம் படம் கீறினீர்கள். பன்னிரண்டாவது வெறுமையாகவே கிடந்தது. "கூவினாப் பிறகு அந்தாள் என்ன செய்யிறான் எண்டது எனக்கு வருதில்லை" என்றீர்கள். ஆசுபத்திரிக் கட்டிலிலும் அதையேதான் சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற ஆரணிக்குக் கூவப் பழக்கினீர்கள். தாதி ஓடிவந்து பார்க்கும் அளவுக்கு இரண்டு பேரும் கூவினீர்கள்.

இனிமேல்தான் நான் எழுதப் பயந்தது.

கார்னிவல் வாரத்து வெள்ளிக்கிழமை காலை. டோர்ட்மண்டில் சிறுவர்களுக்கு வேடக் கொண்டாட்டம். ஆரணியின் கிண்டர்கார்டன் தோழியும் அவளின் தாய் கத்ரினும் எங்களோடு ரயிலில் வந்தார்கள். ஆரணிதான் சேவலன். என் பழைய சிவப்புச் சேலையில் அங்கி, மட்டையில் கொண்டை. இது எந்த ஹீரோ என்று கத்ரின் கேட்டாள். நான் சொன்னேன் அக்கா. உங்கள் சீடரையும் எங்கள் சூரனையும் சேர்த்து, நல்ல ஜேர்மனில், தட்டுத்தடுமாறாமல் சொன்னேன். அவள் அசந்துபோனாள். "உன்னோடு கதைத்தால் நீ வெளிநாட்டுக் குடும்பம் என்பதே மறந்துபோகிறது" என்றாள்.

அதற்கு நான் நன்றி சொன்னேன்.

எதிர்ப்பக்க இருக்கையில் ஒரு பெண் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நீலக் கம்பளித் தொப்பி, மார்போடு அணைத்த பிளாஸ்டிக் பைல். டிக்கெட் பரிசோதகர் வந்தார். அந்தப் பெண்ணின் டிக்கெட் போனுக்குள் இருந்தது. போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. பரிசோதகர் அடையாள அட்டையைக் கேட்டார். அந்தப் பெண் போனையே திரும்பத் திரும்ப நீட்டினார். பரிசோதகரின் குரல் உயர்ந்தது. பின்னால் ஒருவன், யாருக்கென்றும் இல்லாததுபோல், "இங்கே வந்தால் முதலில் மொழியைப் படிக்கவேண்டும்" என்றான். கத்ரின் முகத்தைச் சுளித்தாள். அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சுளிக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

அப்போது அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீங்கள் தமிழ்தானே? இவர் என்ன கேக்கிறார் எண்டு ஒருக்கா சொல்லுங்கோ. எனக்குப் பத்தேகாலுக்கு டெர்மின் இருக்கு. இறக்கிப்போட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ பிள்ளை."

டெர்மின் என்றால் இந்த நாட்டில் எங்கள் சனத்துக்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு சந்திப்பு நேரத்துக்கு எத்தனை மாதம் காத்திருப்பார்கள் என்று தெரியும். என் அம்மாவுக்காக எத்தனையோ அரசாங்கக் கந்தோர் வாசல்களில் மொழிபெயர்த்து வளர்ந்த பிள்ளை நான்.

மன்னிக்கவும், நீங்கள் சொல்வது எனக்கு விளங்கவில்லை என்றேன். ஜேர்மனில். ஒரு பிழையும் இல்லாத ஜேர்மனில்.

"கொக்கரக்கோ!"

ஆரணி இருக்கையில் ஏறி நின்று கூவினாள். இரண்டாவது தரமும் கூவினாள். மூன்றாவதுக்கு வாயைத் திறக்க, நான் கையால் பொத்தினேன். கத்ரின் சிரித்து, "என்ன இனிமையான பிள்ளை! எங்கள் சேவல் கிக்கெரிக்கி என்றல்லவா கூவும்?" என்றாள். ஓம் அக்கா, ஜேர்மன் சேவல் அப்படிக் கூவாது. அந்தப் பெண் ஆரணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாங்கள் தமிழ் என்று அவருக்கு விளங்கிவிட்டது. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அடுத்த நிலையத்தில் பரிசோதகரோடு இறங்கிப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பைலைத் திறந்து ஒவ்வொரு கடதாசியாக எடுத்துக் காட்டிக்கொண்டு நின்றார். ரயில் வெளிக்கிட்டது.

அந்த அடி என் முதுகில் விழவில்லை. அன்றைக்கு விழவில்லை. கொண்டாட்டத்தில் படங்கள்கூட எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அங்கியைக் கழற்றும்போது ஆரணி கேட்டாள்.

"அம்மா, உங்களுக்குத் தமிழ் தெரியும்தானே?"

"ஓம்."

"அப்ப அந்த அன்ரிக்கு ஏன் தெரியாதெண்டு சொன்னனீங்கள்?"

"அம்மா பயந்திட்டன்."

"அந்த டிக்கெட் மாமாவுக்கோ?"

"இல்லை."

"அப்ப ஆருக்கு?"

நான் அங்கியை மடித்துவைத்தேன். யாருக்குப் பயந்தேன் அக்கா? பயணச்சீட்டு என் கையில் இருந்தது. கடவுச்சீட்டு ஜேர்மன் கடவுச்சீட்டு. என்னை யாரும் இறக்கிவிடமாட்டார்கள். குண்டு துளைக்காத உடம்பு என்று நான் பகிடி பண்ணினேனே, அந்தப் பெட்டிக்குள் அது எனக்குத்தான் இருந்தது. எழும்பி நின்றிருந்தால் தியாகம்கூட இல்லை. குடை பிடிக்கிற வேலைதான். அதைக்கூடச் செய்யவில்லை.

முகமூடி போட்டவன் பொய்யனா என்று ஒரு மழைக்காலம் முழுக்க அடிபட்டோமே. நல்லது செய்வதற்காக மறைப்பது பொய்யில் சேராது என்றீர்கள் நீங்கள். நல்லது செய்யாமல் இருப்பதற்காக ஒருத்தி மறைத்தால் அதற்கு என்ன பெயர் என்று நாங்கள் கேட்கவேயில்லை. எங்கள் காமிக்ஸ்களில் அப்படிப்பட்டவளுக்குப் பெயர் இருக்காது. கூட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

போன கிழமை கிண்டர்கார்டன் வாசலில் கத்ரினிடம் உண்மையைச் சொன்னேன். எனக்கு அந்த மொழி தெரியும், அவர் கேட்டது ஒவ்வொரு சொல்லும் விளங்கியது என்றேன். அவள் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு, "நான் அந்த மனிதனின் பேச்சைக் கேட்டல்லவா முகம் சுளித்தேன்? நீ வாய் திறந்திருந்தால் நானும் எழும்பியிருப்பேனே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் நோகிறது. எனக்குத் தெரிந்தவளையே நான் அவ்வளவு தப்பாக அளந்திருந்தேன்.

அந்தக் கார்னிவல் வெள்ளிக்குப் பிறகு வந்த மூன்று வெள்ளிக்கிழமையும் அதே ரயிலில், அதே நேரத்துக்குப் போனேன். நீலத் தொப்பி ஒன்றையும் காணவில்லை. தமிழ்க் கடையில் கேட்டேன். "ஆரைத் தேடுறியள் தங்கச்சி, சொந்தமோ?" என்றார் கடைக்காரர். என்ன சொல்வது? "ஓம்" என்றேன். அந்தப் பொய்க்கு எந்தச் சேவலும் கூவாது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உங்களுக்குத் தபசு காலம் தொடங்கிவிட்டது. றொபேட் அண்ணை இறைச்சியை விட்டுவிட்டார். மீன் பொரித்து வீட்டை மணக்கவைக்கிறார், நீங்கள் இருந்திருந்தால் ஏசியிருப்பீர்கள். உங்கள் பதினொரு பக்கங்களும் என் மேசையில் இருக்கின்றன. அந்தச் சீடர் வெளியே போய் அழுதார் என்று சொன்னபோது, அதோடு கதை முடியவில்லை, அவரை நம்பித்தான் மந்தையையே ஒப்படைத்தார் ஆண்டவர் என்றும் சொன்னீர்கள். சூரனும் பிளவுண்டதோடு முடியவில்லை. பிறகு எப்போதும் கொடியிலேயே நின்றான், எல்லாருக்கும் தெரிய. பன்னிரண்டாவது பக்கம் அங்கேதான் எங்கேயோ இருக்கவேண்டும். அழுகிற பக்கமாக அது இருக்க ஏலாது. அழுகையை நான் மூன்று கிழமையாகச் செய்து பார்த்துவிட்டேன். அதனால் ஒருவருக்கும் ஒரு டெர்மினும் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகையால் இதை உங்கள் மலரிலேயே போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். என் பெயரோடு. அண்ணை வேண்டாம் என்றால் மன்றாடுவேன். இந்த மலர் ஹம்மிலும் டோர்ட்மண்டிலும் கடைகளிலும் கோயில்களிலும் கிடக்கும். அம்மா வாசிப்பா, மாமியார் வாசிப்பா, தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. இனி எந்தப் பெட்டிக்குள் யார் "தமிழ்தானே" என்று கேட்டாலும், ஆரணி கூவுவதற்கு முன்னால் நான் "ஓம்" என்று சொல்லுவேன். பக்கத்தில் யார் இருந்தாலும் சொல்லுவேன். அது வீரம் இல்லை, தெரியும். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வது மட்டும்தான்.

கடைசி வரிகள் உங்களுக்கு இல்லை அக்கா, கோபிக்காதையுங்கோ.

அன்றைக்கு நீலத் தொப்பியோடு அந்த ரயிலில் இருந்த அம்மா, உங்கள் கண்ணில் இது பட்டால்: நான்தான் அவள். நீங்கள் சொன்னது எனக்கு விளங்கியது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த டெர்மினை மறுபடி எடுக்க, கடிதம் எழுத, கந்தோருக்குக் கூட வர, உங்களுக்குப் பக்கத்தில் இருந்து கதைக்க நான் இருக்கிறேன். எந்த நாள் என்றாலும் வாறன். இந்த மலரை உங்களிடம் தந்தவரிடம் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டால் போதும், றொபேட் அண்ணை மூலம் எனக்கு வந்து சேரும். கெதியாப் பதில் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
ஸ்டெல்லா அக்காவின் கூடப் பிறக்காத தங்கச்சி,
சேவலனின் அம்மா,
சுபா