திருடித் தின்னாத சர்க்கரை

மார்ச் 3
கண் அறுவை சிகிச்சை மறுபடியும் தள்ளிப்போனது. சர்க்கரை முந்நூறுக்கு மேல் நிற்கிறதாம். "அது இறங்காம கத்தி வைக்க முடியாதும்மா," என்றார் கண் டாக்டர். இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது. தையல்காரிக்கு அதுவும் போனால் என்ன மிச்சம்?

மார்ச் 5
மருமகள் சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சத்தியமாக நான் தொடவில்லை.

மார்ச் 9
சர்க்கரை டாக்டர் ஊசி மருந்தைக் கூட்டினார். பாதத்தைப் பார்த்தார், விரலைக் குத்தினார். "மறைக்காம சொல்லுங்க, என்ன சாப்பிடுறீங்க?" பாலில் ஊறின ரொட்டி என்றேன். மென்றால் ஈறில் உயிர் போகிறதே, வேறு எதைத் தின்பது? பல்வலியை இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 10
சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்திருக்கிறேன். பிரித்துத் தைத்தேன். மறுபடியும் அதே.

மார்ச் 14
"கண்ணு வேணுமா வேணாமா அத்தை? இப்படித் திருடித் தின்னா எப்படி இறங்கும்?"
"நீ பாத்தியாடி?"
என்னென்னவோ பேசிட்டேன். எப்படிச் சொன்னா நம்புவா? போகப்போறது என் கண்ணு — எனக்கு அக்கறை இருக்காதா? செத்துடலாம்னு இருக்கு.

மார்ச் 18
கண் டாக்டர் கருவியில் மோவாயை வைக்கச் சொன்னார். வைத்ததும் அலறிவிட்டேன்.
"நான் இன்னும் கண்ணையே தொடலையேம்மா?"
வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தார். கடைவாயில் சீழ், ஈறெல்லாம் வீக்கம்.
"ஏன் சொல்லல?"
"கண் டாக்டர்கிட்ட வந்து பல்லு வலிக்குதுன்னா சொல்லுவாங்க?"
அவர் சிரிக்கவில்லை. வாயில் சீழ் இருந்தால் சர்க்கரை இறங்காது, சர்க்கரை ஏறினால் சீழும் ஆறாது என்றார். மருமகளும் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பல் டாக்டரையும் சர்க்கரை டாக்டரையும் அங்கேயே போனில் பிடித்தார். பல்லை என்றைக்கு எடுப்பது, அன்றைக்கு ஊசி எவ்வளவு என்று மூவரும் பேசி முடிக்கும்வரை எங்களை எழுந்திருக்க விடவில்லை.
பேருந்தில் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கோபம் ஆறவில்லை.

மார்ச் 22
இரண்டு பல் போயிற்று.

ஏப்ரல் 8
நூற்றறுபது! நாளை மறுநாள் கண்ணுக்கு. ஆனால் இன்று காலை கடிகார முள்ளே தெரியவில்லை. தாமதமாகிவிட்டதோ?

ஏப்ரல் 11
எழுதுவது மருமகள். அத்தைக்குக் கண்ணில் கட்டு. போன பார்வை வராது, இருக்கிறது நிற்கும் என்றார் டாக்டர்.
"அதை அப்படியே போடு," என்றார் அத்தை. பிறகு, "என்னைத் திருடின்னு நினைச்சதையும் போடு."
பேனாவை மூடினேன், மறுபடியும் திறந்தேன்.
"எழுதினியா?"
எழுதிவிட்டேன், அத்தை.