டீ யார் கையில் வருகிறது

அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

போலீஸில் நான் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி அண்ணியை அனுப்பியிருந்தாய். "கூடப் பொறந்தவரையே காட்டிக் குடுக்கலாமா?" என்று அழுதார். வாங்க மாட்டேன்.

கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்டு எங்கள் விடுதிக்கு வந்த பிள்ளையை அழைத்துப்போக யார் வந்தாலும் முன்னறையில் உட்காரவைப்போம். அவள் சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்பாள். போக விருப்பமென்றால் டீயை அவளே கொண்டுவருவாள். நான் கொண்டுவந்தால், அனுப்ப மாட்டோம் என்று அர்த்தம். இது உனக்குத் தெரியாது.

அன்று ஒரு பிள்ளையை அழைத்துப்போக, அவளுடைய மாமா என்று ஒருவரைக் கூட்டிவந்தாய். நீ சபையில் பெரிய மனிதன், எங்கள் விடுதிக்குக் கூரை போட்டுத் தந்தவன். அதனால், "சும்மா பேருக்குத்தான், ஒரு தடவ பாத்துடும்மா" என்றுதான் அவளைத் திரையருகே நிறுத்தினேன்.

அவள் டீத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். "அந்த மாமா யாருன்னே தெரியாதுக்கா. கண்ணாடி போட்டவரத்தான் தெரியும். எங்கள ஏத்திட்டுப் போன வேன அவர்தான் ஓட்டினாரு."

கண்ணாடி போட்டிருந்தவன் நீ மட்டும்தான்.

டீயை நான் கொண்டுவந்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறது என்று சிரித்தாய்.

கூரையை வேண்டுமானால் பிரித்துக்கொண்டு போ, நனைந்துகொள்கிறோம். உனக்காக ஜெபிக்கிறேன், வெளிக்கேட்டைப் பூட்டிவிட்டு.

உன் தங்கை