மழைத்தண்ணீரும் இரண்டாவது வரியும்

மேலப்புதூர், திருச்சி.

அன்புள்ள ஹரிஹரசுதன் தம்பிக்கு, லிசி அக்கா எழுதுவது. பெங்களூரில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகமில்லை. நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

உங்கள் சவரி அண்ணனுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணைப் பற்றிக் கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். விலா எலும்பு முறிந்து, இருமினால் அலறுகிறார்.

கடல் தாண்டி எங்கேயோ அணு உலை வெடித்ததற்குத் திருவெள்ளறையில் இவரை அடித்துப் போட்டார்கள். பருப்பு பூவாக வேகும் என்று அந்த ஊரில் நாலு கம்பு நட்டு, வேட்டி கட்டி மழைத்தண்ணீர் பிடிப்பார்கள். அதைத்தானே நீங்களும் இவரும் கல்லூரிக்குக் கொண்டுவந்து சோதித்தீர்கள்? சோதனை முடிவு என்று இவர் உங்கள் போனுக்கு அனுப்பியது இரண்டு வரி. மழையில் அணுத்துகள் இருக்கிறது என்பது ஒன்று. ஒரு வாழைப்பழத்தில் இருப்பதைவிடக் குறைவு, பயமில்லை என்பது அடுத்தது. நீங்கள் முதல் வரியை மட்டும் இவர் பெயர் போட்டு அந்த ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டீர்கள்.

அந்த மழையில் நனைந்த புல்லைத் தின்ற மாட்டின் பால் என்று பால் வண்டி வரவில்லை. கறந்த பாலை வாய்க்காலில் ஊற்றினார்கள். விஷயம் தெரியாமல் இவர் மறுபடி வேட்டி கட்டப் போயிருக்கிறார். “நீதானய்யா மழையில விஷம்னு சொன்னது, இப்ப என்னத்தக் கலக்க வந்த?” என்று பிச்சமுத்து என்கிற பால்காரர்தான் முதல் கம்பைப் பிடுங்கினாராம். மற்ற மூன்று கம்புக்கும் ஆள் இருந்தது. வேட்டியைக் கழுத்தில் சுற்றிக் களத்து மேடு வரை இழுத்திருக்கிறார்கள். போனைக் கல்லில் வைத்து நசுக்கிவிட்டார்கள்.

அடித்தவர்கள் ஜாமீனில் வந்துவிட்டார்கள். வதந்தி பரப்பியதாக இவர்மேல் வழக்கு. திங்கட்கிழமை கல்லூரியிலும் விசாரணை, வேலை போய்விடும் என்கிறார்கள். அந்த இரண்டாவது வரி இப்போது இருப்பது உங்கள் போனில் மட்டும்தான்.

யார் அனுப்பியது என்று போலீஸ் கேட்டால் இவர் வாயைத் திறப்பதில்லை. “அவனுக்குக் கல்யாணம் கூடியிருக்கு, விட்டுடு லிசி” என்கிறார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அன்றைக்கு நீங்கள் கண்ணில் பட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

உங்கள் அம்மா ஆனந்தவள்ளி மாமி தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, ரசம் கொண்டுவந்து ஊட்டிவிடுகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. “எங்காத்துப் பிள்ளை ஊர்ல இருந்திருந்தா குறுக்கே விழுந்து தடுத்திருப்பான்” என்று நேற்று அழுதார். பெருமாளிடம் வைத்த கையோடு முதல் பத்திரிகை இவருக்குத்தான் என்று கட்டில்மேல் வைத்தார். இவர் கட்டுப்போட்ட முகத்தோடு அதைத் தடவித் தடவிப் பார்த்தார். மஞ்சள் விரலில் ஒட்டியது. மாமி வாசிக்கச் சொன்னதால் உங்கள் பெயரை நான்தான் வாசித்தேன்.

மாமியிடம் இன்னும் நான் சொல்லவில்லை. ஞாயிறு இரவு வரை சொல்லமாட்டேன்.

போனை எடுத்துக்கொண்டு வாருங்கள் தம்பி. மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். உங்கள் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
லிசி சவரிராயன்