பசை போடாத மூட்டு

சலாலா

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

நாகேந்திரன் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறார்களா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

நேற்றுப் போட்டு ஆறிப்போன தார்ச்சாலையின் ஓரத்தோடு இன்றைய சூடான கலவையைச் சேர்ப்பது இங்கே என் வேலை. ஓரத்தை நேராக வெட்டி, வெட்டிய முகத்தில் தார் பூசிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். நான் நூல் பிடித்தாற்போல் வெட்டினேன். தார் பூசவில்லை. கதவுச் சட்டம் பூட்டும்போது, "பொருத்தம் சரியா இருந்தா பசை எதுக்குடா?" என்பீர்களே, அதுதான் காதில் இருந்தது.

போன வாரம் சோதனைக்காக அந்த மூட்டில் வட்டமாகத் துளைத்து எடுத்தார்கள். வந்த துண்டு மேஸ்திரி கையிலேயே இரண்டாகப் பிரிந்தது. முந்நூறு மீட்டரைப் பெயர்த்து எல்லோருமாகத் திரும்பப் போட்டோம். வேலை போகவில்லை.

என்னோடு கேம்ப்பில் இருக்கும் சிவராஜ் அண்ணன் லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது, அவரிடம் நீங்கள் காதில் செருகியிருக்கும் பென்சிலைக் கொடுத்துவிடுங்கள். புதிது வேண்டாம். நீங்கள் சீவியதே போதும்.

வேன் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் மறைக்க மனம் வரவில்லை அப்பா. மேஸ்திரி நம் ஊர்ப் பக்கத்துக்காரர். "யாருப்பா உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"எங்கப்பாதான் சொன்னாக" என்றுவிட்டேன்.

கண்டனூரில் நீங்கள் பூட்டிய ஒரு கதவுகூட இன்றுவரை பிரிந்ததில்லை.

நாகேந்திரன்