பாலை நான் கணக்கில் எடுத்ததில்லை

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

நிறை 79 கிலோ. போன மாதமும் 79. இரவில் சோற்றை விட்டேன், காலையில் பாண் துண்டை விட்டேன், ஒப்பிஸ் கன்டீனில் வடைத்தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறேன் — எதற்காக? தராசுக்கு என்மேல் ஏதோ கோபம்.

கண் டாக்குத்தர் சொன்னது காதிலேயே நிற்கிறது. இடது கண்ணின் பின்பக்கம் சின்னதாகக் கசிகிறதாம். "சீனியைக் குறையுங்கோ, நிறையைக் குறையுங்கோ. இல்லையெண்டால் பார்வை போயிடும்."

என் மனுசனையும் மகள் சுதர்சினியையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. மகளின் கலியாணப் பேச்சு நடக்கும்போது, தாய்க்குச் சலரோகம், சீனி வருத்தம் என்று எவளாவது போய்ச் சொல்வாளா? நாவலப்பிட்டியில் என் மச்சாளின் மகளுக்குப் பேசிய இடம் 'பரம்பரை வருத்தம்' என்றுதானே கைவிட்டுப் போனது.

பெப்ரவரி 16, ஞாயிறு

கட்டுகஸ்தோட்டையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். பெயர் ஜனார்த்தனன், நில அளவை வேலை. தகப்பன் இல்லை, தாய் கோசலாதான் எல்லாம்.

பால் தேத்தண்ணீர் வந்தது. நல்ல தடிப்பு. பால்மா விற்கிற விலையில் ஒரு வீட்டின் மரியாதையே அந்தத் தடிப்பில்தான் இருக்கிறது. எனக்குப் பிளேன்டீ தாருங்கோ என்று கேட்டால், எங்கள் வீட்டில் பால்மாவுக்கும் வழியில்லையா என்று அவள் முகம் சுருங்காதா? குடித்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு எருமைத் தயிர், மேலே இனிப்பாகக் கித்துள் பாணி. "வெக்கப்படாமல் சாப்பிடுங்கோ அக்கா" என்று இரண்டாம் தரமும் பாணியை ஊற்றினாள். அதையும் சாப்பிட்டேன். என் மனுசன் சுவரிலிருந்த கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஓட்டோவில், "நீர் கலியாணத்தைக் காப்பாத்தப் போறீரோ, கண்ணைக் காப்பாத்தப் போறீரோ?" என்றார். இரண்டையும்தான். ஏன், இரண்டையும் கேட்கக் கூடாதா?

பெப்ரவரி 17, திங்கள்

வெறும் வயிற்றில் சீனி 214. இதை எழுதவே கை கூசுகிறது.

பெப்ரவரி 25, செவ்வாய்

அரைநாள் லீவு போட்டுச் சாப்பாட்டு ஆலோசனைக்குப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் தெரிந்த முகம் ஏதும் தட்டுப்படும் என்ற பயத்தில், ஒரு சின்னத் தனியார் கிளினிக். இருந்தது ஒரு இளம்பிள்ளை. என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். விட்டதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

"குடிக்கிறது?"

"ஒண்டுமில்லை. பால் மட்டும்தான்."

நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை தரம் என்றாள். விடிய ஒன்று. ஒப்பிஸில் பால் தேத்தண்ணீர் இரண்டு. வீட்டுக்கு வந்து ஒன்று. இரவு சோற்றுக்குப் பதிலாக ஒரு பெரிய தம்ளர், மோல்ட் மாவும் போட்டு. வெள்ளிக்கிழமை விரதத்துக்குப் பாலும் வாழைப்பழமும். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அன்ரி, அதுவும் சாப்பாடுதானே" என்றாள்.

பால் எப்படிச் சாப்பாடாகும்? விரதகாரர் குடிப்பது. காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது. 'ஒண்டும் சாப்பிடேல்லை, பால் மட்டும் குடிச்சன்' என்று சொல்லி வளர்ந்தவள் நான். கொழுப்பு நீக்கிய பால்மாதானே என்று ஒரு கரண்டி கூடவே போட்டிருக்கிறேன். கொழுப்பை எடுத்தாலும் பாலுக்குள் இருக்கிற சீனி எங்கேயும் போகாதாம்.

அறவே விடச் சொல்லவில்லை, அது ஒரு நிம்மதி. ஒரு நாளைக்கு ஒரு கோப்பை பால், சீனி போடாமல். இல்லாவிட்டால் ஒரு சின்னக் கிண்ணம் தயிர், பாணி விடாமல். இரவில் பாலைக் குடித்துவிட்டுப் படுக்காமல் மரக்கறியும் பருப்பும் கொஞ்சம் சோறும் சாப்பிட வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "அப்ப உம்மட விரதத்தில மெலிஞ்சது பால்மாப் பைக்கற் மட்டும்தான்" என்றார். எரிச்சல் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

பத்து மணித் தேத்தண்ணீர் இல்லாமல் தலை இடிக்கிறது. பக்கத்து மேசை றம்லத், "என்னக்கா, ஒரு கெழமையா பால் டீ வேணாங்கிறீங்க, எங்களோட கோவமா?" என்றாள். வயிறு சரியில்லை என்றேன். எத்தனை நாளுக்குத்தான் இந்த வயிற்றைச் சாட்டுவது?

மார்ச் 9, ஞாயிறு

கோசலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாதகம் நல்ல பொருத்தமாம், வைகாசியில் வைக்கலாமாம். வந்தவள் குடிக்க வீட்டுக்காரி சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா? சீனி போட்டு நானும் குடித்தேன். என் சொந்த வீட்டில், என் சொந்தக் கோப்பையில், ஒளிக்கிறேன். சந்தோஷப்பட வேண்டிய நாள். கோப்பை கழுவும்போது அழுதேன்.

மார்ச் 20, வியாழன்

ஒப்பிஸ் படியால் இறங்கும்போது இடது கண்ணில் கறுப்பாக ஒரு நூல். துடைத்தேன். கண்ணை மூடித் திறந்தேன். அது அங்கேயே நின்றது. படியிலேயே இருந்துவிட்டேன். கடவுளே, வேற ஒண்டும் கேக்கேல்லை, கண்ணை மட்டும் விட்டிடு.

அப்படியே கண் டாக்குத்தரிடம் போனேன். லேசர் பிடிக்க நாள் குறித்துவிட்டார்கள். "நான் சொன்னபடி நடந்தனீங்களோ?" என்று டாக்குத்தர் கேட்டார். தனியே இருந்தால் நடந்தேன். சம்பந்தியைக் கண்டால் நடக்கவில்லை. இதை ஒரு டாக்குத்தரிடம் எப்படிச் சொல்வது?

கலியாணத்துக்கு முன்னர் இன்னும் எத்தனை விருந்து. எத்தனை தயிர்ச்சட்டி. சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் முறியும். முறிந்தால் சுதர்சினியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் — கண் போய்விட்டால் அதுவும் இல்லையே.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கட்டுகஸ்தோட்டைக்குத் தனியாகவே போனேன். தேத்தண்ணீர் வந்ததும் கோப்பையைத் தொடாமல், "கோசலா, எனக்குச் சலரோகம். ஆறு வருசமா. இப்ப கண்ணிலயும் பிடிச்சிட்டுது. மறைச்சது பிழைதான்" என்றேன். அவள் என் வாயையே பார்த்தாள். எழும்பி உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. "மழை வரப்போகுதக்கா, வெளிச்சத்தோட போங்கோ" என்றாள். அவ்வளவுதான்.

முடிந்தது.

மார்ச் 26, புதன்

அவர்களிடமிருந்து ஒரு போன் இல்லை. சுதர்சினியோ ஒன்றும் நடக்காதது போல இரண்டு தரம் போட்டுச் சாப்பிடுகிறாள். இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லையா?

மார்ச் 30, ஞாயிறு

காலையில் கோசலா வந்தாள். கதிரையின் நுனியில் இருந்தாள். கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அக்கா, தம்பிக்கும் இருக்கு."

எனக்கு விளங்கவில்லை.

"ஜனாவுக்கு. ரெண்டு வருசமாக் குளிசை போடுறான். நான்தான் வெளியில விடாதை எண்டனான். நீங்கள் வந்து சொன்ன நேரம் எனக்கு நிலத்துக்குள்ள போகலாம் போல இருந்தது. அந்த நேரமும் வாய் வரேல்லை."

இதை உள்ளபடியே எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. கோபம். முப்பது வயதில் சலரோகம்! என்ர பிள்ளையை ஒரு வருத்தக்காரனுக்குக் கட்டிக்குடுக்கிறதோ? இவ்வளவு நாளும் மறைச்சுப்போட்டு, பாணியையும் ஊத்தி ஊத்தித் தந்து! — எவள் வாயிலிருந்து வருமென்று இரவெல்லாம் பயந்தேனோ, அந்தப் பேச்சு என் வாய்க்குள்ளேயே தயாராக நின்றது. எச்சிலோடு விழுங்கினேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சுதர்சினியைக் கூப்பிட்டேன். அவள் கதவோடுதான் நின்றிருந்தாள்.

"எனக்குத் தெரியுமம்மா. அவர் முதல் கிழமையே சொல்லிட்டார். உங்கட விசயத்தை நானும் அப்பவே சொல்லிட்டன்."

"பிறகேன்டி எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் குழப்பியிருப்பியள். மாமியும் குழப்பியிருப்பா. அவரைத்தான் கட்டுவன் எண்டு எப்பவோ முடிவெடுத்திட்டன்."

கோசலா என்னைப் பார்த்தாள், நான் கோசலாவைப் பார்த்தேன். மகளுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும். நாங்கள் இரண்டு கிழவிகள் மட்டும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிச் சீனி குடித்திருக்கிறோம். முதலில் சிரித்தது அவள்தான். சிரித்து முடிக்கும்போது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

ஏப்ரல் 3, வியாழன்

லேசர் முடிந்தது. வலிக்கவில்லை, பயம்தான் வலித்தது. கோசலா கூடவே வந்து வெளியே காத்திருந்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

நிறை 74. கசிவு கூடவில்லை என்றார் டாக்குத்தர். அந்தக் கறுப்பு நூல் இன்னும் இருக்கிறது. வெயிலில் பார்த்தால் தெரியும். பழகிவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு காலையும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கலண்டரை வாசித்துப் பார்க்காமல் படுக்கையை விட்டு எழும்புவதில்லை.

கலியாணம் முடிந்து பிள்ளைகள் எங்களோடுதான் இருக்கிறார்கள். இன்றைக்கு விடிய மேசைக்குப் போனால், ஜனார்த்தனன் தன் சீனி பார்க்கும் மெஷினோடு என்னுடையதையும் எடுத்து வைத்துவிட்டு இருக்கிறார். இருவரும் அவரவர் விரலைக் குத்தினோம். எனக்கு 126. அவருக்கு 139.

"இண்டைக்குப் போட்டியில நீங்கள் வெண்டிட்டியள் மாமி" என்று சொல்லிவிட்டுக் குளிசையைப் போட்டுக்கொண்டார்.