ஊதா மைக் கோடு

ஸ்கெலட்டன் குடியிருப்பு, கோலார் தங்கவயல்
3-7-1968

அன்புள்ள சிஸ்டர் லூயிசாவுக்கு,

நலம். நீங்கள் சொன்னபடி மோர் குடித்ததில் ரயிலில் வாந்தி இல்லை. ஒரு குறைதான். கட்டிக்குக் கதிர்க் கரண்ட் வைப்பதற்காக என் மார்பில் நீங்கள் வரையும் ஊதாக் கட்டம் மறுபடி அழிந்துவிட்டது. நேற்று மாலை இருந்தது. எதிர்வீட்டு மணியம்மாள் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, மார்ல கட்டம் போட்டுக்கினு வந்துக்கீறீங்க, தாயம் ஆடவா?" என்று சிரித்தாள். காலையில் அந்த இடத்தில் சாம்பல் நிறச் சேறு, உள்ளங்கை அளவுக்கு. என் கையைவிடப் பெரிய கை.

பார்வதம்மா

புறநோயாளிப் பிரிவு, பெங்களூர்
6-7-1968

அன்புள்ள டீச்சர்,

கோடு தப்பினால் கட்டி பிழைத்துக்கொள்ளும், நல்ல சதை வெந்துபோகும். இன்னொரு முறை அழிந்தால் சிகிச்சையை நிறுத்துவேன் என்கிறார் டாக்டர். மை சரியில்லை என்று பழியை நான் ஏற்றுக்கொண்டேன். வந்து போகிறவர்கள் வலியை அவரிடம் சொல்வார்கள், பயத்தை என்னிடம். நீங்கள் மட்டும் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள்?

லூயிசா

ஸ்கெலட்டன்
9-7-1968

அன்புள்ள சிஸ்டர்,

யாரும் இல்லை. என் கணவர் ஏகநாதன் போன வருடம் சுரங்கத்துக்குள் பாறை சரிந்து இறந்துபோனார். உடலை மேலே கொண்டுவர முடியவில்லை. பாறையில் கோடு போட்ட இடத்தில் துளையிட்டு வெடி வைப்பது அவர் வேலை. கோட்டைப் பார்த்தால் அவருக்கு வெடி ஞாபகம்தான் வரும். பி.ஏ. படித்தவள் இதை எழுதுகிறேனே என்று கூசுகிறது.

பார்வதம்மா

பெங்களூர்
12-7-1968

அன்புள்ள டீச்சர்,

கூச வேண்டாம். கோடு எதற்கு என்று ஒவ்வொருவர் வீட்டாருக்கும் நான் உட்காரவைத்து விளக்குவேன். உங்கள் வீட்டாருக்கு யாரும் விளக்கவில்லை. படுக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

லூயிசா

ஸ்கெலட்டன்
15-7-1968

அன்புள்ள சிஸ்டர்,

நீங்கள் திரும்பப் போட்டுவிட்ட கட்டத்தைக் காட்டிச் சொன்னேன். "இதப் பாருங்க, இது வெடி வெக்கிற கோடு இல்ல, மருந்துக் கோடு. சிஸ்டர் போட்டது. கைய வெக்காதீங்க." வெற்றுச் சுவரிடம் அதட்டியதில் எனக்கே சிரிப்பு வந்தது.

காலையில் கட்டம் அப்படியே இருந்தது. ஆனால் அக்குளில், நீங்கள் எதுவும் வரையாத இடத்தில், சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. பாறையைத் தட்டிப் பார்த்து, ஓசை சரியில்லாத இடத்தில் சுரங்கக்காரர்கள் போடுகிற எச்சரிக்கைக் குறி அது. அங்கே விரலை வைத்து அழுத்தினேன். உள்ளே சின்னதாக ஒரு கல் நகர்ந்தது.

பயமாக இருக்கிறது, சிஸ்டர்.

பார்வதம்மா

பெங்களூர்
17-7-1968

டீச்சர்,

முதல் ரயிலுக்கே வாருங்கள். அந்தக் குறியை அழிக்காதீர்கள். உங்களைப் பார்க்க டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். வாசலில் நிற்பேன்.

இந்தப் புதுக் கட்டியை யார் கண்டுபிடித்தது என்று டாக்டர் கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் என்றேன்.

லூயிசா