கிளாஸுக்குள் ஒரு சாதிக்காய்

போதுமான காலம் மௌனமாக இருந்துவிட்டேன். இன்று வகுப்பு முடிந்து மேசையைத் துடைத்தபோது விரல்களில் சாதிக்காய் வாசனை. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

மாத்தளையில், அந்தப் பலசரக்குக் கடையின் மாடியில், ஜேர்மனிக்குப் போகவிருந்த தாதியருக்கு நீங்களும் நானும் சேர்ந்து ஜேர்மன் மொழி கற்பித்தோம். 'இன்' போன்ற முன்னிடைச்சொற்களில் எதற்கு அக்குசாட்டிவ் வேற்றுமை, எதற்கு டாட்டிவ் என்று நான் கரும்பலகை நிறையப் பட்டியல் எழுதுவேன். பிள்ளைகள் பார்த்தெழுதுவார்கள், மறுநாள் மறந்திருப்பார்கள். ஒருநாள் நீங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு சாதிக்காயை எடுத்து, தண்ணீர் குடிக்கும் கிளாஸுக்குள் போட்டீர்கள்.

"பாருங்க, உள்ளுக்குப் போகுது. அப்ப அக்குசாட்டிவ். இன், டாஸ் ரெண்டும் சேந்து இன்ஸ் கிளாஸ். இப்ப உள்ளுக்கு சும்மா கெடக்குது. அப்ப டாட்டிவ். இன், டேம் சேந்து இம் கிளாஸ்."

"இதென்ன வகுப்போ, சரக்குக் கடையோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"கீழ கடை, மேல வகுப்பு. வாசம் வரத்தானே செய்யும், மாஸ்டர்!"

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

அடுத்த மாதமே அலுவிகாரையில் உங்கள் வீட்டில் தனி வகுப்புத் தொடங்கினீர்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் உங்களிடம் வந்துவிட்டார்கள். அதை இன்றும் நான் மன்னிக்கவில்லை. இறந்துவிட்டீர்கள் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

தனி வகுப்புத் தொடங்கிச் சில வருடங்கள் கழித்து, நோயில் பாதியாக மெலிந்து, மூச்சு வாங்க மாடியேறி வந்தீர்கள். "பரீட்சைக்கு ரெண்டு கிழமதான் இருக்கு, மாஸ்டர். என்னால நிக்க ஏலாது. என் புள்ளைங்கள நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க."

"சாதிக்காய் இருக்குத்தானே. அதைக் கேளுங்கோ" என்றேன்.

நீங்கள் குடையை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினீர்கள். நான் திரும்பி நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் அந்த முறை பரீட்சைக்கே போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். உங்கள் ஜனாஸா நல்லடக்கத்துக்கும் நான் வரவில்லை.

இப்போது நானும் கிளாஸுக்குள் சாதிக்காய் போடுகிறேன். பட்டியலில் விளங்காதது அதில் விளங்குகிறது. பல்லேகமவிலிருந்து வரும் பிள்ளையொருத்தி இன்று கேட்டாள்: "சேர், இது நீங்களே கண்டுபிடிச்சதா?"

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் இதை எழுத வைத்தது. நாளை அவளிடம் உங்கள் பெயரைச் சொல்வேன். இந்த மடலை உங்கள் மனைவிக்குத் தபாலில் அனுப்புவேன். யார் எழுதியது என்று அவருக்கு விளங்கும். ஆனாலும் என் பெயரைப் போட மாட்டேன். போட்டால், "நாங்க அதெல்லாம் எப்பவோ மறந்துட்டோம், மாஸ்டர்" என்று பதில் எழுதிவிடுவார். அந்தப் பதிலை வாங்க எனக்கு உரிமையில்லை.